இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு வரும் வலி: எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது

(ஒலிப்பதிவைக் கேட்டு எழுதி, படிக்க வசதியாகத் தொகுத்தது. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

முழங்கால் மூட்டு மாற்று சிகிச்சை பற்றிப் பேசின எபிசோடுக்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதி இடுப்பைப் பற்றித்தான். "அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு பத்து நாள் ஆச்சு, இன்னும் வலிக்குதுன்னு சொல்றாங்க, இது சரியா?" இந்த ஒரு கேள்விதான், வேற வேற வார்த்தையில. அதனால இன்னைக்கு ஆபரேஷனைப் பற்றி அதிகம் பேசப் போறதில்லை. அதுக்கப்புறம் வர்ற வலியைப் பற்றிப் பேசலாம்.

முதல்ல ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். தமிழில் "இடுப்பு வலி" என்றால் பெரும்பாலும் கீழ் முதுகு வலியைத்தான் சொல்கிறோம். குடம் வைக்கிற இடமும் இடுப்பு, பிரசவ வலியும் இடுப்பு வலி. ஆனால் டாக்டர் மாற்றுகிற இடுப்பு மூட்டு அங்கே இல்லை. தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து இருக்கு. அது இடுப்பெலும்பில் இருக்கிற கிண்ணத்துக்குள் போய் உட்காருகிற இடம்தான் இடுப்பு மூட்டு. தொடை இடுக்குக்கு நேர் உள்ளே, ஆழத்தில் இருக்கு. அதனால அது கெட்டுப்போனால் வலி தொடை இடுக்கிலும் முன்தொடையிலும் வரும். சிலருக்கு முழங்காலில் மட்டும் வரும். முழங்கால் வலின்னு மாதக்கணக்கில் தைலம் தேய்ச்சு, முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்து, அது நல்லா இருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் இடுப்புக்கு எடுக்கிறவங்க நிறைய பேர். சம்மணம் போட முடியலை, செருப்பு வார் மாட்டக் குனிய முடியலை, ஆட்டோவில் ஏற காலைத் தூக்க முடியலைன்னா, அந்த மூட்டு மேல சந்தேகம் வரணும்.

பழைய வலி போகும், புது வலி வரும்

ஆபரேஷனில் என்ன நடக்குதுன்னு சுருக்கமா சொல்றேன். தேய்ந்த பந்தை வெட்டி எடுத்துட்டு, தொடை எலும்பின் உள்ளே ஒரு உலோகத் தண்டைச் செருகி, அதன் மேல் புதுப் பந்தைப் பொருத்துவாங்க. கிண்ணத்தைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி, புதுக் கிண்ணம் வைப்பாங்க. இந்த ஆபரேஷனை இன்றைக்கு நாம பார்க்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஜான் சார்ன்லி. இங்கிலாந்தில் லங்காஷயரில் இருக்கிற ரைட்டிங்டன் மருத்துவமனையில், 1962இல். அதுக்கு முன்னாடி அவர் கிண்ணத்துக்கு டெஃப்லான் வைத்துப் பார்த்தார். நம்ம நான்ஸ்டிக் தவாவில் இருக்கே, அதே டெஃப்லான். ஒரு சில வருஷத்தில் அது தேய்ந்து, சுற்றியிருக்கிற திசுவைக் கெடுத்தது. பிறகுதான் பாலிஎத்திலின் வந்தது, நிலைத்தது. 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை இதை நூற்றாண்டின் அறுவை சிகிச்சை என்றே அழைத்தது.

அப்படிச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. எலும்பும் எலும்பும் உரசின வலி, அந்த ஆழமான கடுப்பு, பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே காணாமல் போயிடும். வலியைக் கிளப்பிக்கொண்டிருந்த எலும்புப் பரப்பே அங்கே இல்லையே. ஆனால் அந்த இடத்துக்குப் போக தோலையும் தசை உறையையும் வெட்டியிருக்காங்க, தசையைப் பிளந்தோ ஒதுக்கியோ பிடிச்சிருக்காங்க, மூட்டைக் கழற்றக் காலை நல்லா முறுக்கியிருக்காங்க, எலும்புக்குள் தண்டை அடிச்சு இறக்கியிருக்காங்க. இதெல்லாம் ஆறுகிற வலி தனி. பழைய வலி நாள் போகப் போகக் கூடிக்கிட்டே வந்தது. இந்தப் புது வலி நாள் போகப் போகக் குறைஞ்சுக்கிட்டே போகணும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடிச்சுக்கிட்டா பாதி பயம் போயிடும்.

இங்கே இன்னொண்ணு கவனிக்கணும். ஆபரேஷனுக்கு வர்றவங்க ரெண்டு விதம். மூட்டு தேய்ந்தோ, பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று அது நசிந்தோ வருகிறவர்கள் ஒரு விதம். இந்த ரெண்டாவது நோயை ஏவிஎன் என்பார்கள். அதிக நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் மது அதிகம் குடிப்பவர்களுக்கும் வரும், முப்பது நாற்பது வயசிலேயே வரும். இவங்க வருஷக்கணக்கில் வலியோட இருந்தவங்க. புது வலியைப் பழைய வலியோட ஒப்பிட்டு, "இது பரவாயில்லை டாக்டர்" என்பார்கள்.

இன்னொரு விதம், பாத்ரூமில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்து வருகிற வயசானவங்க. இவங்களுக்குப் பல சமயம் பந்தை மட்டும் மாற்றுவார்கள், கிண்ணத்தைத் தொடமாட்டார்கள். முந்தாநாள் வரைக்கும் கோயிலுக்கு நடந்து போயிட்டு வந்த பாட்டி அவங்க. ஒப்பிட்டுப் பார்க்க அவங்ககிட்ட பழைய வலி எதுவும் இல்லை. "நல்லா இருந்தவளை வெட்டிப் போட்டுட்டாங்களே" என்றுதான் தோன்றும். பக்கத்து வீட்டு மாமா மூணாம் நாளே சிரிச்சிக்கிட்டு நடந்தாரே, நம்ம பாட்டி ஏன் அழுறாங்கன்னு கேட்கிறவங்களுக்கு இதுதான் பதில். விழுந்தவங்களுக்குத் தேறுவதும் மெதுவாகத்தான் இருக்கும். அவங்களைத் திட்டாதீங்க.

முதல் ராத்திரியும் மாத்திரைக் கணக்கும்

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து இந்த ஆபரேஷனைச் செய்கிறார்கள். சாயங்காலம் பார்க்கப் போனால் நோயாளி நல்லா பேசுவார், "வலியே இல்லை" என்பார். வீட்டில் எல்லாரும் நிம்மதியா கிளம்பிடுவாங்க. மருந்தின் மரப்பு சில மணி நேரத்தில் இறங்கும்போதுதான் வலி ஏறும். அது பெரும்பாலும் ராத்திரி. அதனால மரப்பு முழுசா விடுறதுக்கு முன்னாடியே வலி மருந்து உடம்பில் ஏறியிருக்கணும். கால் விரலை அசைக்க முடியுது, தொட்டால் உணர்ச்சி தெரியுதுன்னு வந்தவுடனே நர்ஸிடம் சொல்லுங்க. வலி உச்சத்துக்குப் போன பிறகு அதை இறக்குவது ரொம்பக் கஷ்டம்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் அதிகம் கேட்கிற வாக்கியம், "பெயின் கில்லர் சாப்பிட்டா கிட்னி போயிடும்". இதில் கொஞ்சம் உண்மை இருக்கு. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் இதயத்துக்கும் பிரச்சினை பண்ணலாம். வயசானவங்க, சர்க்கரை, பிரஷர் இருக்கிறவங்க இதை டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் ஒரு நாள்கூட தானாக நீட்டக் கூடாது. ஆனால் பாராசிட்டமால் அந்த வகை இல்லை. அளவோடு எடுத்தால் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அதுதான் அடித்தளம். பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கு 4 கிராம் என்பது மேல் எல்லை. ஒல்லியான முதியவர், ஈரல் பாதிப்பு இருக்கிறவர் என்றால் இன்னும் குறைவு, அதை டாக்டர் சொல்வார். இதில் மறைந்திருக்கிற ஆபத்து ஒண்ணு உண்டு. டிரமடால் மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் கலந்தே இருக்கும். அதை ஒரு பக்கம் போட்டுக்கிட்டு, காய்ச்சல் மாதிரி இருக்குன்னு இன்னொரு பக்கம் டோலோ 650 போட்டால், தெரியாமலே ரெட்டை மடங்கு போகும். அட்டையின் பின்பக்கத்தைப் படிங்க. கண் தெரியலைன்னா பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்க.

டிரமடால் மாதிரி பலமான மருந்து தலை சுற்றல், குமட்டல், மலச்சிக்கல் கொடுக்கும். மலச்சிக்கல்னா சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. தையல் போட்ட இடத்தோட முக்கிப் பாருங்க, தெரியும். தண்ணீர், கீரை, வாழைப்பழம், தேவைப்பட்டால் இசப்கோல். அப்படியே பத்தியத்தையும் பேசிடலாம். ஆபரேஷன் ஆன உடம்புன்னு முட்டை கூடாது, மீன் கூடாது, வெறும் ரசம் சாதம்னு வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கு. தசையும் தோலும் ஒட்டணும்னா புரதம் வேணும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர், எதெல்லாம் ஒத்துக்குமோ அதெல்லாம் கொடுங்க. கூடவே சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைங்க, புண் ஆறுவதை அது ரொம்ப பாதிக்கும்.

இப்போ நான் முக்கியமா சொல்ல வந்தது. "வலிக்குதா?" என்று கேட்டால் படுத்திருக்கிறவர் "இல்லை" என்பார். அசையாமல் படுத்திருந்தால் வலிக்காது, உண்மைதான். மாத்திரை வேண்டாம் என்பார். வீட்டிலும் "பாவம், அசையாம படுங்க" என்று விட்டுவிடுவார்கள். இந்த அன்புதான் பல பேரைக் கெடுக்குது. அசையாத காலில் ரத்தம் தேங்கி உறையும். அசையாத நெஞ்சில் சளி கட்டும். முதுகில் படுக்கைப் புண் வரும். தசையோ வயசானவங்களுக்கு ஒரு வாரப் படுக்கையிலேயே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கரையும். அதனால கேள்வியை மாத்திக் கேளுங்க. "எழுந்து பாத்ரூம் வரைக்கும் வாக்கரோட போயிட்டு வர முடியுதா?" முடியலைன்னா, ஏன் முடியலை? வலியா, பயமா, தலைசுற்றலா? வலி என்றால் மருந்து போதலை என்று அர்த்தம். வலி மாத்திரை கொடுப்பது சும்மா படுத்துத் தூங்க மட்டும் இல்லை, நடக்க. உடற்பயிற்சிக்கு முக்கால் மணி நேரத்துக்கு முன்னாடி மாத்திரை போட்டால் அந்த நடை சுகமாக இருக்கும்.

பல மருத்துவமனைகளில் அன்றைக்கோ மறுநாளோ எழுப்பி நிற்க வைத்துவிடுகிறார்கள். பார்க்கிற சொந்தக்காரங்களுக்குத்தான் நெஞ்சு பதறும். உள்ளே வைத்த மூட்டு எடை தாங்கத்தான் வைத்தது. எவ்வளவு எடை போடலாம் என்பதை மட்டும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்க.

பாட்டி ராத்திரியில் உளறுகிறார் என்றால்

இதைத் தனியா சொல்லணும்னு நினைச்சேன். இடுப்பு முறிந்து ஆபரேஷன் ஆன முதியவர்களில் நிறைய பேருக்கு ரெண்டாம் நாள், மூணாம் நாள் ராத்திரியில் குழப்பம் வரும். இறந்துபோன தாத்தாவோட பேசுவாங்க, டிரிப்ஸைப் பிடுங்குவாங்க, பெற்ற மகனையே யாருன்னு கேட்பாங்க. வீட்டில் "சித்தம் கலங்கிடுச்சு", "காத்து கருப்பு" என்றெல்லாம் ஆரம்பிச்சுடும். மருத்துவத்தில் இதற்கு டெலிரியம் என்று பேர். பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். காரணம் பல இருக்கும்: சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, தூக்கமின்மை, பலமான வலி மருந்து. சரியாகத் தீர்க்காத வலியும் ஒரு காரணம். மருந்து அதிகமானாலும் குழப்பம், குறைந்தாலும் குழப்பம். அதனால உடனே டாக்டரிடம் சொல்லணும்.

இந்த நிலையில் இருக்கிறவங்க "வலிக்குது" என்று வாயால் சொல்லமாட்டாங்க. முகத்தைப் பார்க்கணும். திருப்பும்போது நெற்றி சுருங்குதா, கையைத் தட்டி விடுறாங்களா, சாப்பாட்டைத் தள்ளுறாங்களா? அதுதான் அவங்க வலியைச் சொல்ற விதம். கண்ணாடியை மாட்டி விடுங்க, காது மிஷின் இருந்தால் வைங்க, பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் விடுங்க, வீட்டு ஆள் ஒருத்தர் பக்கத்தில் இருந்து பேர் சொல்லிப் பேசுங்க. செலவே இல்லாத வைத்தியம் இது, நல்லா வேலையும் செய்யும்.

பயமுறுத்தும், ஆனால் பயப்பட வேண்டாத வலிகள்

முதல் வாரத்தில் தொடை வீங்கும். ரத்தக்கட்டு நீலமாய், அப்புறம் மஞ்சளாய், தொடையிலிருந்து முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இறங்கும். புதுசா எங்கேயோ அடிபட்ட மாதிரி இருக்கும். அது மேலே கசிந்த ரத்தம் கீழே இறங்குவதுதான். படுக்கும்போது காலைத் தலையணை மேல் நீட்டி உயர்த்தி வைங்க. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி கால் மணி நேரம் வைங்க, புண் நனையாமல். சூடு ஒத்தடம் வேண்டாம். எண்ணெய் போட்டு நீவி விடுவதும் இந்த வாரங்களில் வேண்டவே வேண்டாம், முக்கியமாகக் கெண்டைக்காலை அமுக்காதீங்க.

முழங்கால் வலிக்கும். "இடுப்பைச் செய்யச் சொன்னா முழங்காலைக் கெடுத்துட்டாங்க" என்று ஒரு நேயர் எழுதியிருந்தார். இடுப்பு மூட்டிலிருந்தும் முழங்காலிலிருந்தும் சேதி கொண்டுபோகிற நரம்புகள் பொதுவானவை. மேலே உள்ள தொந்தரவை மூளை கீழே இருப்பதாக எடுத்துக்கொள்ளும். ஆபரேஷனில் காலை முறுக்கியதும் சேர்ந்துகொள்ளும்.

உட்கார்ந்து எழுந்த முதல் நாலு அடி வலிக்கும், அப்புறம் சரியாகிவிடும். இது மாதக்கணக்கில்கூட இருக்கலாம். தழும்பைச் சுற்றி மரத்துப்போகும், அரிக்கும். அதுவும் பரவாயில்லை. கால் நீளமாகிவிட்ட மாதிரி தோன்றும். பல வருஷமாய்க் குட்டையாகி ஒரு பக்கம் சாய்ந்தே நடந்த உடம்புக்குக் கால் நேரானதே நீளமாகத்தான் தெரியும், இறுகின தசைகளும் இழுத்துக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு செருப்பில் ஹீல் வைக்காதீங்க, ரெண்டு மூணு மாதம் பார்த்துவிட்டு அளந்து முடிவு பண்ணலாம்.

தூக்கம்தான் பெரிய பாடு. ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரைக்கும் ராத்திரி விழித்துக்கொண்டே இருப்பார்கள். மல்லாக்கப் படுக்கப் பழக்கம் இல்லாதவர்களுக்கு இன்னும் கஷ்டம். டாக்டர் ஒருக்களித்துப் படுக்கலாம் என்று சொன்ன பிறகு, ரெண்டு முழங்காலுக்கும் நடுவில் தடியான தலையணை வைத்துக்கொண்டு படுங்க. பகலில் அடிக்கடி நடந்தால் ராத்திரி கொஞ்சம் சுலபம்.

பயிற்சிக்கு ஒரு அளவுகோல் சொல்றேன். வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று போடுங்க. பயிற்சியில் நாலு வரை போகலாம். மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு சரி. மறுநாளும் கூடவே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்க. நிறுத்தாதீங்க.

தடி எந்தக் கையில்?

வலது இடுப்பு ஆபரேஷன் என்றால் தடி இடது கையில். கிட்டத்தட்ட எல்லாரும் வலிக்கிற பக்கத்துக் கையில்தான் பிடிப்பார்கள், சினிமாவிலும் அப்படித்தான் காட்டுவார்கள். காரணம் இது. நடக்கும்போது ஒரு கால் தரையில் இருக்க, இன்னொரு கால் காற்றில் இருக்கும். உடம்பு அந்தக் காற்றில் இருக்கிற பக்கம் சாயாமல் பிடித்து வைப்பது, ஊன்றிய காலின் இடுப்புக்கு வெளிப்பக்கத் தசை. ஏற்றப் பலகை மாதிரி யோசிங்க. ஒரு பக்கம் முழு உடம்பு, இன்னொரு பக்கம் இந்தச் சின்னத் தசை, நடுவில் மூட்டு. ரெண்டு பக்க பாரமும் மூட்டில்தான் விழும். பெர்லினில் செயற்கை மூட்டுக்குள்ளேயே சென்சார் வைத்து அளந்திருக்கிறார்கள். சாதாரண நடையில் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. தடுக்கித் தடுமாறின ஒரு கணத்தில் எட்டு மடங்கு வரை. (அதனால முதல் வேலையாக வீட்டில் இருக்கிற மிதியடிகளைச் சுருட்டி வைங்க.) எதிர்க் கையில் தடி இருந்தால், சாய வேண்டிய பக்கத்தை அது தாங்கும், தசைக்கு வேலை குறையும், மூட்டுக்கும் பாரம் குறையும்.

"ரெண்டு மாசம் ஆச்சு, வலி இல்லை, ஆனா நொண்டுறேன்" என்று கேட்டவருக்கும் பதில் அந்தத் தசைதான். வருஷக்கணக்கில் வேலை செய்யாமல் மெலிந்துபோன தசை ஆபரேஷனால் ஒரே நாளில் பலமாகாது. நின்றுகொண்டு, மேடையைப் பிடித்தபடி காலைப் பக்கவாட்டில் தூக்குகிற பயிற்சியை பிசியோ சொல்லியிருப்பார். அதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். நொண்டல் இருக்கிற வரை தடியை விடாதீங்க, வெட்கப்பட ஒண்ணும் இல்லை. மாடிப்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் ஆபரேஷன் காலும் முதலில்.

நம் வீடுகளும் இந்த மூட்டும்

புது மூட்டு கழன்றுவிடுகிற ஆபத்து முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம். வெட்டின உறையும் தசையும் ஒட்டுகிற வரைக்கும். பின்பக்கமாகத் திறந்து செய்திருந்தால் மூன்று விஷயம் கூடாது: இடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்குவது, கால் மேல் கால் போடுவது, பாதத்தை உள்பக்கம் திருப்புவது. முன்பக்கமாகச் செய்திருந்தால் விதி வேறு, காலைப் பின்னால் நீட்டி வெளிப்பக்கம் திருப்புவதுதான் ஆபத்து. எந்தப் பக்கம் என்பதை டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்க.

வெளிநாட்டுப் புத்தகத்தில் நாற்காலி, சோபா, கார் என்று போட்டிருப்பான். நம்ம வீட்டில் சிக்கல் வேற. இந்தியன் டாய்லெட்டில் குந்துவது, தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது, கோலம் போடுவது, தாழ்வான கயிற்றுக் கட்டில், பிளாஸ்டிக் மோடா. டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே மேற்கத்திய கமோடும் அதன் மேல் வைக்கிற உயரமான சீட்டும் ஏற்பாடு பண்ணுங்க. வசதி இல்லையென்றால் நடுவில் ஓட்டை போட்ட ஸ்டீல் கமோட் நாற்காலி மருத்துவக் கடைகளில் கிடைக்கும், சில கடைகளில் வாடகைக்கும் தருவாங்க. கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு மரக்கட்டை முட்டுக்கொடுத்து உயர்த்துங்க. கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுக்கவே கூடாது. ஆட்டோ வேண்டாம், கார் என்றால் முன் சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளி, முதலில் உட்கார்ந்து, அப்புறம் ரெண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பணும்.

பிசியோதெரபிக்கு வெளியே போக முடியாதவர்களுக்கு ஒரு தகவல். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் இருக்கு. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க.

பொறுக்கக் கூடாத வலி

சில வலிக்கு மாத்திரையைத் தேடாதீங்க, ஆஸ்பத்திரியைத் தேடுங்க. திடீரென்று பயங்கர வலி, கால் குட்டையாகி ஒரு பக்கம் திரும்பிக் கிடக்கு, எழுந்து நிற்க முடியலை என்றால் மூட்டு கழன்றிருக்கலாம். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலிக்குது என்றால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அதோட மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் காத்திருக்காமல் 108. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையோ ஊசியோ, "நல்லாத்தான் இருக்காங்களே" என்று நடுவில் நிறுத்துகிறார்கள். எழுதிக் கொடுத்த கடைசி நாள் வரைக்கும் போடணும்.

புண்ணிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கு, சிவப்பு பரவுது, காய்ச்சல் வருது என்றால் அன்றைக்கே காட்டணும். பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியலை என்றாலும் அப்படித்தான், அது நரம்பு சம்பந்தப்பட்டது. நன்றாகக் குறைந்துகொண்டு வந்த வலி திரும்ப ஏறினால் அதையும் சும்மா விடக் கூடாது. ஆறு மாதம், ரெண்டு வருஷம் கழித்து வந்தாலும் இது பொருந்தும். வலியின் அளவை விட அது எந்தத் திசையில் போகுது என்பதைத்தான் டாக்டர் முதலில் கேட்பார். ஒரு காலண்டரில் தினமும் மார்க்கைக் குறித்து வைத்தால் அவருக்கும் வசதி, உங்களுக்கும் சந்தேகம் தீரும்.

இன்னொரு உண்மையையும் சொல்லிடறேன், பல பேர் சொல்றதில்லை. எல்லாம் சரியாகச் செய்தும், பத்தில் ஒருவர் அளவுக்கு நீண்ட நாள் வலி நீடிக்கிறது. "ஸ்கேன் நல்லா இருக்கு, உங்க மனசுதான்" என்று சொல்லி அனுப்பினால் அதோட விடாதீங்க. முதுகெலும்பிலிருந்து வருதா, தசைநாரா, மூட்டு தளர்ந்திருக்கா, லேசான தொற்றா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.

மற்றவர்களுக்கு வழக்கமான கணக்கு இது. வாக்கர் ரெண்டு முதல் நாலு வாரம். தடி ஆறு வாரம் வரை, சிலருக்கு இன்னும் கொஞ்ச நாள். வீட்டு வேலை, கடைவீதி எல்லாம் ரெண்டு மூணு மாதத்தில். தசையின் பலம் ஒரு வருஷம் வரைக்கும் கூடிக்கொண்டே போகும்.

கடைசியா, அதிகம் வந்த கேள்வி: "எப்போ சம்மணம் போட்டு உட்காரலாம்?" இதை நான் சொல்ல முடியாது, யூடியூபும் சொல்ல முடியாது. எந்தப் பக்கமாகத் திறந்தார், எவ்வளவு பெரிய பந்து வைத்தார், கிண்ணம் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கு என்பதெல்லாம் ஆபரேஷன் செய்தவருக்குத்தான் தெரியும். மூணாவது மாத செக்கப்புக்குப் போகும்போது, "சம்மணம் போடலாமா, குந்தலாமா, மண்டியிட்டுக் கும்பிடலாமா, தொழுகையில் நெற்றி தரையில் வைக்கலாமா" என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கேளுங்க. "எல்லாம் பண்ணலாமா" என்று மொத்தமாகக் கேட்டால் "பண்ணலாம், பார்த்துப் பண்ணுங்க" என்ற பதில்தான் வரும்.

அடுத்த எபிசோடில் விழுவதைத் தவிர்ப்பது எப்படி என்று, பாத்ரூமிலிருந்தே தொடங்குவோம். கேள்விகளை வழக்கம்போல குரல் செய்தியாக அனுப்புங்க.